வியாழக்கிழமை சொல்ல வேண்டியது

செருப்பை வெளியவே விடுங்க சார். அந்தக் குழாய்கிட்ட சோப்பு இருக்கு, முழங்கை வரைக்கும் அலம்பிட்டு வாங்க. கோவிச்சுக்காதீங்க, யாரு வந்தாலும் இந்த வீட்டுல இதான் சட்டம். இந்தாங்க மாஸ்க். சளி, இருமல் ஒண்ணும் இல்லியே? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, தப்பா நெனைக்க மாட்டேன், இன்னொரு நாள் வந்துக்கலாம்.

உக்காருங்க. ஜன்னல் பக்கமா உக்காருங்க, காத்து வரும். கம்பி வலை அடிச்சிருக்கறதால கொஞ்சம் இருட்டா இருக்கும்.

என் சம்சாரம் சுகுணா உள்ள இருக்கா. மூச்சுப் பயிற்சி, குளியல், மாத்திரை எல்லாம் முடிச்சுட்டு வர முக்கா மணி நேரம் ஆவும். ஆஸ்பத்திரியிலேருந்து, ஆபரேஷன் ஆளுங்களுக்கு வழிகாட்டற பொண்ணு போன் பண்ணிச்சு. செய்யாறுலேருந்து ஒரு வாத்தியார் வருவாரு, அவரு சம்சாரத்துக்கும் நுரையீரல் மாத்தணும்னு சொல்லியிருக்கோம், முடிவெடுக்க முடியாம தவிக்கறாரு, பண்ணிக்கிட்டவங்களை நேர்ல பாத்தா தைரியம் வரும்னு சொல்லிச்சு. வரச் சொல்லும்மான்னேன். எங்களுக்கும் அப்ப யாராவது சொல்லமாட்டாங்களான்னு இருந்துச்சே.

பழம் எதுக்கு சார்? மாதுளையா? பரவால்ல, உரிச்சுச் சாப்புடறது. திராட்சையா இருந்தா திருப்பிக் குடுத்திருப்பேன். பம்பளிமாஸ் வாசப்படியே தாண்டக்கூடாது, அது மாத்திரையோட வேலையைக் கெடுத்துடுமாம். இதெல்லாம் நீங்களும் மனப்பாடம் பண்ணிக்குவீங்க. நான் பத்தாவது பெயிலு, எனக்கே வந்துடுச்சு.

மொதல்ல கணக்கைக் கேப்பீங்க, எத்தினி வருஷம்னு. நானும் அதான் கேட்டேன். டாக்டரம்மா ஒளிக்காம சொன்னாங்க. இவளுக்கு இருந்த மாதிரி, நுரையீரல் தழும்பு தழும்பா விறைச்சுப் போற நோய்க்கு மாத்தினவங்கள்ல, பத்துக்கு எட்டு பேருக்கு மேல ஒரு வருஷத்தைத் தாண்டிடறாங்க. அஞ்சு வருஷம்னு கேட்டா பாதிப் பேருதான். மாத்தாம விட்டா இவளுக்கு ஒரு வருஷமே சந்தேகம்னாங்க. பாதின்னா சும்மாவா சார்? ஒண்ணுமே இல்லாதவனுக்குப் பாதி பெருசு. உங்க சம்சாரத்துக்குப் பண்ணுங்க. தயங்காம பண்ணுங்க. அதை மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அப்புறம் நான் சொல்லப் போறதைக் கேட்டுட்டு நீங்க வேணாம்னு போயிடக்கூடாது. ஆபரேஷன்ல குறை இல்ல. டாக்டருங்க கிட்ட குறை இல்ல. பணத்துக்கு நாங்க பட்டது தனிக் கதை, அது வேணாம்.

உங்க சம்சாரத்துக்கு எதனால வந்துச்சுன்னு சொன்னாங்களா? காரணம் தெரியலன்னாங்களா? நல்லது. இல்ல, நல்லதுன்னு சொல்லக்கூடாது. தெரியாம இருக்கறதுல ஒரு நிம்மதி இருக்கு, அதைச் சொன்னேன். எங்களுக்குத் தெரிஞ்சுது.

நான் ஹார்பர்ல கிரேன் ஓட்டினவன். முப்பத்தோரு வருஷம். குடி கிடையாது, பீடி கிடையாது, சீட்டுக் கட்டைத் தொட்டதில்ல. யாரை வேணா கேளுங்க இந்த வியாசர்பாடியில, எத்திராஜ் எப்படின்னு. எனக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணு. புறா.

பந்தயப் புறா சார். கோயில் கோபுரத்துல உக்காந்திருக்குமே, அது இல்ல. கால்ல வளையம் போட்டு, வண்டியில ஏத்தி, ஓங்கோல், விஜயவாடான்னு கொண்டுபோய் ஒண்ணா விடுவாங்க. எது மொதல்ல தன் கூட்டுக்குத் திரும்புதோ அது ஜெயிச்சுது. இந்த மெட்ராஸ்ல எத்தினி பேரு இந்தப் பைத்தியம் புடிச்சு அலையறான்னு உங்களுக்குத் தெரியாது. பத்தொன்பது கப்பு வாங்கியிருக்கேன். இங்கதான் அலமாரியில இருந்துச்சு. தூசி சேருதுன்னு எடுத்துட்டேன்.

மாடி பூரா கூடு. காலையில ஆறு மணி ஷிப்டுக்கு நான் கிளம்பிடுவேன், கூடு சுத்தம் பண்றது சுகுணா. காய்ஞ்ச எச்சத்தைத் தகரத்தால சுரண்டிக் கூட்டணும். வெயில் நாள்ல மாவு மாதிரி பறக்கும். இருபத்திரண்டு வருஷம் செஞ்சா. அவளுக்கும் அதுல இஷ்டந்தான் சார். நான் ஒரு நாளும் செய்யின்னு சொன்னதில்ல, அவளாத்தான் செஞ்சா. ஒருவாட்டி மூக்குல துணி கட்டிக்கிட்டு சுத்தம் பண்ணினா. நான்தான் சிரிச்சேன், என்னாடி கொள்ளைக்காரி மாதிரி இருக்கேன்னு. அவளும் சிரிச்சா. அப்புறம் கட்டல.

இருமல் வந்துச்சு. வறட்டு இருமல். தெரு டாக்டர் ஆஸ்துமான்னாரு, இன்னொருத்தர் ஈசினோபீலியான்னாரு. டி.பி.க்குப் பாத்தாங்க, இல்ல. ரெண்டு வருஷம் இப்படியே ஓடுச்சு. மாடிப்படி ஏற மூணு இடத்துல நின்னா. நீ உடம்பு போட்டுட்டன்னு நான் கிண்டல் பண்ணினேன். அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல வெச்சுப் பாத்துட்டு, வீட்டுல பறவை ஏதாவது வளக்கறீங்களான்னு கேட்டாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு சார் அந்த நேரம். அறுபத்திநாலு உருப்படிம்மான்னேன்.

அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. புறா எச்சம், றெக்கைத் தூசி, அதுதான் இவ நுரையீரலைத் தின்னிருக்குன்னாங்க. எல்லாருக்கும் வராது, சில பேரு உடம்புக்கு ஆவாதாம். பழைய ஸ்பாஞ்சு மாதிரி விறைச்சுப் போச்சு, இனிமே அது விரியாதுன்னாங்க. இன்னிக்கே எல்லாத்தையும் குடுத்துடுங்க, நீங்களும் தொடாதீங்க, உங்க சட்டையில முடியிலகூட அது ஒட்டிக்கிட்டு வரும்னாங்க. சரிங்கம்மான்னேன்.

குடுத்தேன். சத்தியமா குடுத்தேன். புளியந்தோப்புல ஜிலானின்னு என் கூட்டாளி, சின்ன வயசுலேருந்து ஒண்ணாப் புறா விட்டவங்க. அவன்கிட்ட அம்பத்தாறு குடுத்தேன். மாடியைக் கழுவி, பினாயில் ஊத்தி, கூட்டுப் பலகையெல்லாம் கொளுத்தினேன். சுகுணா ஆக்சிஜன் குழாயை மூக்குல வெச்சுக்கிட்டு கீழேருந்து பாத்துக்கிட்டிருந்தா.

கணக்கு இடிக்குதா? ஆமா. எட்டு உருப்படி என் பேர்லயே இருந்துச்சு. அதுவும் ஜிலானி மாடியிலதான். எட்டே எட்டு சார். அறுபத்திநாலை விட்டவன் எட்டு வெச்சுக்கக் கூடாதா? வீட்டுல ஒண்ணு இல்ல, ஒரு றெக்கை இல்ல. சாயந்திரம் வாக்கிங்னு சொல்லிட்டுப் போவேன். அங்க எனக்குன்னு ஒரு லுங்கி, ஒரு சட்டை. புறாவைப் பாத்துட்டு, அவன் வீட்டுலயே குளிச்சுட்டு, என் துணியைப் போட்டுக்கிட்டு வருவேன். அவ்வளவு ஜாக்கிரதை. வாக்கிங் போனவரு தலை ஏன் ஈரமா இருக்குன்னு சுகுணா ஒருவாட்டி கேட்டா. வேர்வைன்னேன்.

பட்டியல்ல பேரு எழுதி எட்டு மாசம். ரெண்டுவாட்டி கூப்புட்டாங்க, ரெண்டுவாட்டியும் அங்க போனப்புறம், வந்த நுரையீரல் சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அது உங்களுக்கும் நடக்கும், மனசு விடாதீங்க. மூணாவதுவாட்டி காலையில பதினோரு மணி, முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. போன் வந்துச்சு. கீரையை அப்படியே முறத்துல போட்டுட்டுக் கிளம்பினோம்.

குடுத்தது யாருன்னு சொல்ல மாட்டாங்க. இருபத்தாறு வயசுப் பொண்ணு, விபத்து, அவ்வளவுதான் காதுல விழுந்துச்சு. அந்தப் பொண்ணோட அம்மா அப்பா கையெழுத்துப் போட்டிருக்காங்க பாருங்க. நான் என்னைக் கேட்டுப் பாத்திருக்கேன், போடுவேனான்னு. தெரியல.

ஒம்போது நாள் மெஷின்ல, மொத்தம் ஆறு வாரம். குழாய் எடுத்த அன்னிக்கு அவ மொதல்ல சொன்னது, காத்து உள்ள போவுதுங்க. அவ்வளவுதான் சொன்னா. நான் வெளிய வந்து வராண்டாவுல நின்னு அழுதேன். அதுக்கப்புறம் ஒண்ணரை வருஷம் நாங்க வாழ்ந்தோம் பாருங்க சார், கல்யாணம் ஆன புதுசுலகூட அப்படி இல்ல. மாடி ஏறுவா, எறங்குவா, மறுபடி ஏறுவா, சும்மா. மார்க்கெட்டுக்கு நடந்து போயி பேரம் பேசி சண்டை போட்டுட்டு வருவா. காலையில ஒரு சின்ன மெஷின்ல ஊதி, எவ்வளவு காத்துன்னு பாக்கணும். ஊதறதுக்கு முன்னாடி நெஞ்சுல கை வெச்சு, அந்தப் பொண்ணுகிட்டப் பேசுவா. நல்லா வேலை செய்யுதும்மா, தேங்க்ஸ்மான்னு.

இப்ப நான் சொல்லப் போறது யாருக்கும் தெரியக்கூடாத விஷயம். ஆனா சொல்லணும்.

போன பிப்ரவரி, ஓங்கோல் பந்தயம். என் எட்டுல ஒரு சாம்பல் நிற ஆண் புறா. அதை நான் குஞ்சுலேருந்து, இந்த வீட்டு மாடியில, என் கையால ஊட்டி வளத்தேன். மொதல்ல ஒரு வருஷம் ஜிலானி கூட்டுல அடைபட்டுக் கெடந்துச்சு. அப்புறம் அங்கயே ஜோடி சேர்ந்து, மாடியைச் சுத்திப் பறந்து, ஒழுங்கா எறங்கப் பழகிடுச்சு. பழகிடுச்சுன்னு நான் சொல்றேன். ஜிலானி சொன்னான், பொறந்த கூட்டை அது மறக்காது எத்திராஜ், இங்க பொறந்த குஞ்சுங்களை விடு, இதைப் பந்தயத்துல விடாதேன்னான். புறா வளக்கற எந்த ஆளும் அதான் சொல்லுவான். எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன். அப்படி ஒரு றெக்கை சார் அதுக்கு. அடைச்சே வெச்சிருக்க மனசு வரல.

காலையில ஆறரைக்கு ஓங்கோல்ல விட்டாங்க. பத்தே முக்கால், பதினொண்ணுக்குள்ள வந்துடணும். வந்தவுடனே கால்ல இருக்கற ரப்பர் வளையத்தைக் கழட்டி, கடிகாரப் பெட்டியில போட்டு அமுக்கணும், அதுதான் நேரம். ஜிலானி மாடியில நானும் அவனும் வடக்க பாத்துக்கிட்டே நிக்கறோம். பதினொண்ணாச்சு. பத்து நிமிஷம் ஆச்சு. அவனோடது மூணு வந்துடுச்சு. என்னுது வரல.

போன் அடிச்சுது. சுகுணா.

"உங்க சாம்பல் இங்க வந்து உக்காந்துச்சு. கையில புடிச்சு வெச்சிருக்கேன். பந்தயம்தானே, நேரமாவுது, வந்து எடுத்துட்டுப் போங்க"ன்னா.

திட்டல. எப்பலேருந்துங்கன்னு கேக்கல.

ஸ்கூட்டர்ல எப்படி வந்தேன்னு தெரியாது. மாடிக்கு ஓடினேன். வெயில்ல, பழைய கூடு இருந்த மூலையில நிக்கறா. நடைப் பயிற்சிக்கு மாடிக்குப் போயிருக்கா, அப்ப அது வந்து கைப்பிடிச் சுவத்துல எறங்கியிருக்கு. இருபத்திரண்டு வருஷம் புடிச்ச கை சார், ஒரே புடியில புடிச்சிருக்கா. நெஞ்சோட சேத்து அணைச்சு வெச்சிருந்தா, றெக்கை அடிச்சுக்கக் கூடாதுன்னு. அப்படித்தான் புடிக்கணும், நான்தான் சொல்லிக் குடுத்தேன். மாஸ்க் தாடைக்குக் கீழ எறங்கியிருந்துச்சு. போன்ல பேச எறக்கியிருப்பா, அப்புறம் ரெண்டு கையும் புறா மேல இருந்தா மாஸ்க்கை எப்படி ஏத்துவா?

பாத்தேன் சார். மாஸ்க் எறங்கியிருக்கறதை நான் பாத்தேன். ஆனா நான் கையை நீட்டினது புறாவுக்கு.

வாங்கிக்கிட்டு ஓடினேன். வேற மாடியில எறங்கின பறவையைத் தூக்கிக்கிட்டு வந்து அமுக்கறது எங்க ஆட்டத்துல திருட்டு. ஜிலானி கடிகாரப் பெட்டியை விட்டு நகர்ந்து, அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டான். நானே அமுக்கினேன். பதினேழாவது இடம். பதினேழாவதுக்கு ஒண்ணும் கிடையாது சார், ஒரு சோப்பு டப்பாகூடக் குடுக்க மாட்டாங்க.

வீட்டுக்கு வந்தேன். சோறு போட்டா. எத்தினாவதுன்னு கேட்டா. சொன்னேன். அதுக்கு வயசாச்சுங்கன்னா. இனிமே போக மாட்டேன் சுகுணான்னேன். ம்னா. ஏப்ரல்லேருந்து நான் புளியந்தோப்புப் பக்கமே போறதில்ல. நடுவுல ரெண்டு மாசம் போனேன், ஆமா. குஞ்சு பொரிச்சிருந்துச்சு, ஒடனே விட முடியுமா?

மார்ச்சு கடைசியில ஊதற மெஷின்ல நம்பர் எறங்க ஆரம்பிச்சுது. கொஞ்சங் கொஞ்சமா. இருமல் வந்துச்சு, அதே வறட்டு இருமல். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் சார். சமையக்கட்டுல அவ இருமறா, இங்க கூடத்துல நான் எண்ணிக்கிட்டிருக்கேன்.

ஏப்ரல்ல ஒரு வியாழக்கிழமை. நுரையீரல் டாக்டரம்மா வியாழன்தான் பாப்பாங்க, உங்களுக்கும் வியாழன்தானே? ரத்தம், ஸ்கேன், குழாய் விட்டுப் பாத்தது எல்லாத்தையும் மேஜை மேல பரப்பி வெச்சுக்கிட்டு யோசிக்கறாங்க. இது உடம்பு புது நுரையீரலை ஏத்துக்காம தள்ளறதா இருக்கலாம், இல்ல பழைய நோயே திரும்பறதா இருக்கலாம், ரெண்டும் படத்துல ஒரே மாதிரி தெரியுதுன்னாங்க. தள்ளறதா இருந்தா மருந்தை நல்லா ஏத்தணும், ஏத்தினா மத்த கிருமியெல்லாம் உள்ள வரும். பழைய நோயின்னா மருந்து பெருசில்ல, எங்கேருந்து வருதோ அதை நிறுத்தணும். அதான் கேக்கறேன், புறா பக்கம் யாராவது போனீங்களான்னாங்க.

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள சுகுணா சொன்னா. "இல்ல டாக்டர். அப்பவே எல்லாத்தையும் குடுத்துட்டாரு."

அந்தம்மா என்னைப் பாத்தாங்க. நான் தலையை ஆட்டினேன்.

அப்ப ஊர்ப் புறாவா இருக்கும், ஏசி மேலயெல்லாம் உக்காருதே, ஜன்னலுக்கு வலை அடிங்கன்னாங்க. அடிச்சேன். நீங்க பாக்கறீங்களே, அந்த வலைதான். மருந்தை ஏத்தினாங்க. இப்ப அவ கை நடுங்குது. தண்ணி டம்ளரைப் புடிச்சா சிந்துது. முகம் உப்பிப் போச்சு. நீங்க பாக்கறப்ப கண்டுக்காதீங்க, அவளுக்கு வெக்கம்.

அன்னிக்கு ஆட்டோவுல கேட்டேன், ஏன் சுகுணா அப்படிச் சொன்னேன்னு. எனக்காகத்தான் சொன்னான்னு நெனைச்சேன். என்னைக் காப்பாத்தறான்னு. ஒரு சந்தோஷம்கூட வந்துச்சு சார், சொன்னா கேவலம்.

அவ வெளியில பாத்துக்கிட்டே சொன்னா. "நீங்க குறுக்க வந்து, இல்ல டாக்டர், இவ சொல்றது பொய்யின்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். தலையை ஆட்டிட்டீங்க."

சரி, அடுத்தவாட்டி நீயே சொல்லிடேன், உன் உடம்பாச்சேன்னேன். பாருங்க, அப்பவும் அவளைத்தான் சொல்லச் சொல்றேன். அதுக்கு அவ, "அந்தப் பொண்ணு குடுத்ததை வெச்சுக்கிட்டு புறாவைக் கையில எடுத்தேன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? அதை நீங்க ஆரம்பிங்க, பாதி நான் சொல்றேன்"னா. அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல. ஒவ்வொரு வியாழனும் டாக்டர் முன்னாடி உக்காந்ததும் ஒருவாட்டி என்னைத் திரும்பிப் பாப்பா. நான் பைலைப் புரட்டுவேன். ஆறு வியாழக்கிழமை போயிடுச்சு.

என்ன பயம்னு கேக்கறீங்க. டாக்டரம்மா திட்டுவாங்கன்னு இல்ல. திட்டினா வாங்கிக்குவேன். அவங்க பேனாவைக் கீழ வெப்பாங்க சார், அன்னிக்கு மாதிரி. வெச்சுட்டு ஒண்ணும் சொல்லாம என்னைப் பாப்பாங்க. அறுபத்திநாலு உருப்படிம்மான்னு பெருமையாச் சொன்னவன்தான் இவன்னு அவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பார்வைக்கு முன்னாடி என் நாக்கு எழும்ப மாட்டேங்குது. ஒரு பொண்டாட்டி உயிரைவிட அது பெருசான்னு நீங்க நெனைக்கறீங்க. சொல்லுங்க, பரவால்ல. நானும் தினமும் அதைத்தான் கேட்டுக்கறேன்.

உங்ககிட்ட எப்படி வருதுன்னா கேக்கறீங்க? உங்ககிட்ட வருது சார். கோர்வையா, ஒண்ணு விடாம வருது. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாவுது. இந்த வியாழன் கண்டிப்பா சொல்லிடுவேன்னு தோணுது.

ஆனா ஒளிக்காம சொல்லிடறேன். ஆஸ்பத்திரிப் பொண்ணு இங்க அனுப்பற ஆளுங்க எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்லியிருக்கேன். ஏப்ரல்லேருந்து நீங்க அஞ்சாவது ஆளு.

குளியலறைத் தாப்பா சத்தம் கேக்குது. வர்றா. நீங்க கேக்க வந்ததெல்லாம் கேளுங்க, மாத்திரை, சாப்பாடு, பயம், எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொல்லுவா. என்னைப் பத்திக் கேட்டாலும் நல்லாத்தான் சொல்லுவா.